ஒரு மாடுன்னா எரநூறு கோழி

எங்கூட்டுக்காரரு டாக்டருங்க. எந்தக் காலேஜுன்னு கேட்டுப்போடாதீங்க, மனுசன் கோவிச்சுக்குவாரு. பேரு சீனிவாசலு. புருசன் பேரச் சொல்லக் கூடாதும்பாங்க. நான் சொல்லுவேன், எனக்கு இப்ப அவ்வளவு கோவம் இருக்குது. எங்கூட்ல பேசறது தெலுங்குதான், ஆனா அவரத் திட்டறதுன்னா எனக்குத் தமிழ்தான் வாய்க்குத் தோதா வரும். அதனால தமிழ்லயே சொல்லிர்றேன்.

ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசரா இருந்தவரு. ரிட்டயர் ஆனதும் உடுமலைப்பேட்டைக்கு இக்கட்டால எங்க தென்னந்தோப்புலயே கறிக்கோழிக்கு ஷெட்டுப் போட்டாரு. கம்பெனிக்காரன் குஞ்சு கொண்டாந்து எறக்குவான், தீவனம் குடுப்பான், மருந்து குடுப்பான், வளந்ததும் அவனே புடிச்சுட்டுப் போயிருவான். நடுவுல நம்ம சோலி தண்ணி காட்டறதும் ராவுல பல்பு எரியுதான்னு பாக்கறதுந்தான். அந்தச் சோலியக் கொஞ்ச காலம் பாத்ததுலயே எங்கூட்டுக்காரரு வைத்தியரா ஆயிட்டாரு.

கம்பெனி குடுக்கற மருந்து ஒரு பவுடருங்க. கிருமியக் கொல்ற மருந்து, ஆன்ட்டிபயாடிக்கு. கோழிக்குச் சளின்னா இவரு பவுடரு போடுவாரு, கழிச்சல்னா பவுடரு, சும்மா ஒரு கோழி மொகம் வாடி நின்னாலும் பவுடரு. அதுக்கு ஒரு மொற வெச்சிருக்காங்க. மொதல்ல தண்ணி லைன அடைச்சுக் கோழிகளத் தவிக்க விடணும். அப்பறம் டேங்குல பவுடரக் கலக்கித் தொறந்து விட்டா, ஒண்ணு பாக்கியில்லாம வந்து குடிச்சுக்கும். மிஞ்சுன பவுடர் பாக்கெட்டக் கம்பெனிக்குத் திருப்பித் தரணும். இவரு தர மாட்டாரு. ஒரு நீல பக்கெட்டுல சேத்து வெச்சுக்கிட்டு, பொழுதோட அதத் தூக்கிக்கிட்டு ஊருக்குத் தர்மம் பண்ணக் கெளம்பிருவாரு.

எங்க ஊர்ல எவங்கூட்டு மாடு தும்முனாலும் எங்கூட்டுக்காரருக்குக் காது கேக்கும். ஆடு ஒரு நேரம் தழை திங்கலீன்னா அங்க போய் நிப்பாரு. "தவுட்டுல ஒரு சிட்டிகை போட்டுக் குடுங்க, காலைல சரியாயிரும்" அப்படீம்பாரு. பாதி நோவு தானாவே காலைல சரியாகறதுதானுங்களே. அது தெரியாத சனம், டாக்டரு டாக்டருன்னு கூப்பிட்டு இவர ஏத்தி உட்டுருச்சு. காசு வாங்க மாட்டாரு, அதுல ஒரு பெருமை. ஒரு தெருவத் தவுர மத்த எல்லாத் தெருவுக்கும் இவரு பக்கெட்டு போயிருக்குது. அந்த ஒரு தெரு எதுன்னு அப்பறம் சொல்றேன்.

நான் பங்காரம்மா. இந்த ஊட்ல எனக்கே எனக்குன்னு இருக்கறது ஒரு மாடு. பேரு முத்தியாலு, ஜெர்சிக் கலப்பு. எங்கம்மா ஊட்ல இருந்து ஓட்டிட்டு வந்த பசுவோட வழியில வந்தவ. தோப்பு அவரு பேரு, ஷெட்டு அவரு பேரு, ஊட்டுப் பத்தரமும் அவரு பேரு. முத்தியாலு மட்டும் என்னோடது. சொசைட்டிக்குப் போற பால் எம்பேருக்குப் போகும். பையன் ஊட்டுக்குப் போகணும்னாலும் கோயிலுக்குப் போகணும்னாலும் நான் யாரு கையையும் பாத்து நிக்க வேண்டியதில்ல. அவ போன தை மாசம் கெடாரிக் கன்னு போட்டா. நான் நெம்ப சந்தோசமா இருந்தேனுங்க.

மாசியில முத்தியாலுக்கு ஒரு காம்பு வீங்கிருச்சு. தொட்டாக் கல்லாட்டம் இருந்துச்சு, கறந்தாப் பால்ல திரிதிரியா வந்துச்சு. மடிநோவு. நான் உடனே கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவக் கூப்பிட்டேன். அன்புச்செல்வின்னு பேரு. ஸ்கூட்டர்ல வரும், பேச்சு வெடுக்குன்னு இருக்கும், ஆனா கை நல்ல கை. ஊசி போட்டு, காம்புக்குள்ள ட்யூபு மருந்து ஏத்தி, "நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் இத நிறுத்தக் கூடாதுங்க. மருந்து ஒடம்புல இருக்கற வரைக்கும் பாலைச் சொசைட்டிக்கு ஊத்தக் கூடாது, கீழ கொட்டிருங்க" அப்படீன்னு சொல்லிட்டுப் போச்சு.

பாலக் கீழ கொட்டறதா? எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு. கொட்டறது எம் மாட்டுப் பாலு, எரியறது இவரு வயிறு. ரெண்டு ஊசி போட்டதுமே பால் கொஞ்சம் தெளிஞ்சுச்சு. அவ்வளவுதான், "சரியாயிருச்சு, இனி எதுக்கு ஊசி" அப்படீன்னு டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னுட்டாரு. நான் கத்துனேன். "நீ சும்மா இரு, எனக்குத் தெரியாததா" அப்படீன்னாரு. இந்த ஒரு வார்த்தையக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைச்சுப்போச்சு.

அந்த வாரம் காரமடைத் தேரு. வருசா வருசம் ரங்கநாதரப் பாக்காம நான் இருந்ததில்ல. பையன் ஊட்ல தங்கித் தேரு பாத்துட்டு வாரேன்னு கெளம்பிட்டேன். போகும்போது படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்க, காம்பு மறுக்கா வீங்குனா டாக்டரம்மாவக் கூப்பிடுங்கன்னு. தலையாட்டுனாரு. மில்லுல மொதலாளி முன்னால ஆட்டிப் பழகுன தலை, அது எல்லாத்துக்கும் ஆடும்.

நான் அக்கட்டால போனதும் காம்பு மறுக்கா வீங்கிருச்சு. பாதியில நிறுத்துனா வீங்காம என்ன பண்ணும். டாக்டரம்மாவக் கூப்பிட்டாத் திட்டும்னு இவருக்குப் பயம். பயம்னு சொல்ல மாட்டாரே. பக்கெட்டத் தொறந்து கணக்குப் போட உக்காந்துட்டாரு. அந்தக் கணக்கு என்னன்னு கேளுங்க. பாக்கெட்டு மேல கோழி எடைக்கு இவ்வளவு பவுடருன்னு அச்சடிச்சிருக்குது. கோழி ரெண்டு கிலோ. முத்தியாலு நானூறு கிலோ. அப்ப ஒரு மாடுன்னா எரநூறு கோழி. எரநூறு கோழிக்கு எவ்வளவோ அவ்வளவு பவுடரு ஒரு மாட்டுக்கு. மில்லுல இத்தன வருசம் நூலுக்குக் கணக்குப் பாத்தவரல்ல, கணக்குல தப்பே இல்லீங்க.

அதோட விட்டாரா. கோழிக்கு என்ன மொறையோ அதே மொற மாட்டுக்கும். அந்த வேகாத வெயில்ல தொட்டித் தண்ணியக் காலி பண்ணிட்டு, எம் மாட்டக் கட்டுத்தரையில தவிக்க விட்டிருக்காரு. பால் குடுக்கற மாடுங்க அது. மத்தியானம் பவுடரக் கரைச்ச தண்ணிய ஒரு அண்டா நெறைய வெச்சதும், பாவம், அது ஒரே மூச்சுல இழுத்துருச்சு. "ஒரு சொட்டு மிச்சம் வெக்கல தெரியுமா" அப்படீன்னு எங்கிட்டயே பெருமையாச் சொல்றாரு. ரெண்டு நாளு இதையே பண்ணியிருக்காரு. கறந்த பாலையும் சொசைட்டிக்கு ஊத்தியிருக்காரு. ஊர்ல பாதிப் பேருக்குக் காப்பியிலயே வைத்தியம் நடந்திருக்குது.

நான் வந்து எறங்குனதும் செருப்பக் கூடக் கழட்டாம கட்டுத்தரைக்குத்தான் போனேன். முத்தியாலு படுத்திருந்தா. எங் கொரலக் கேட்டா எந்திரிச்சு நின்னு கழுத்த நீட்டறவ, காதக் கூட ஆட்டல. முன்னால போட்ட சோளத்தட்டு போட்டபடி கெடக்குது. நான் சித்த நேரம் அவ வாயவே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அசை போடல. சாணி தண்ணியாப் போயிருந்துச்சு, ஒரே நாத்தம். கன்னு அந்தப் பக்கம் கத்திக்கிட்டே இருந்துச்சு. அசை போடாத மாடு எத்தன நாளைக்கு இருக்கும்னு மாடு வளக்கற எல்லாருக்கும் தெரியும்.

"என்ன குடுத்தீங்க" அப்படீன்னு கேட்டேன்.

"நம்ம பவுடருதான். வேலை செய்யுது. கிருமி சாகறப்ப மாடு கொஞ்சம் சோந்துதான் தெரியும்" அப்படீன்னாரு.

நான் அவரு முன்னாலயே டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணுனேன்.

டாக்டரம்மா வந்து மாட்டோட வயித்துல காத வெச்சுக் கேட்டுச்சு, கை முட்டிய வெச்சு அமுக்கிப் பாத்துச்சு. அப்பறம் அந்தப் பக்கெட்டக் கொண்டாரச் சொல்லிப் பாக்கெட்டப் படிச்சுது. எங்கூட்டுக்காரரு எரநூறு கோழிக் கணக்க எடுத்துச் சொன்னாரு. கணக்கு சரின்னு பாராட்டுவாங்கன்னு நெனச்சாரோ என்னமோ. டாக்டரம்மா பாக்கெட்டக் கீழ வெச்சுச்சு.

"சார், கோழி வேற, மாடு வேற. மாட்டு வயித்துக்குள்ள நல்ல கிருமி கோடிக்கணக்குல இருக்குது. மாடு சோளத்தட்டத் திங்கறதே அதுகள நம்பித்தான். அதுகதான் தட்ட நொதிக்க வெச்சுச் செரிக்க வெக்கும். நான் எதுக்கு ஊசியாப் போட்டேன், காம்புக்குள்ள எதுக்கு மருந்து ஏத்துனேன்? அசை போடற மாட்டுக்கு வாய் வழியா இந்த மருந்தக் குடுத்தா, மடியில இருக்கற கெட்ட கிருமிக்கு முன்னால வயித்துல இருக்கற நல்ல கிருமிதான் சாகும். நீங்க எரநூறு கோழிக்கு மருந்து குடுத்தீங்க, ஒரு மாட்டோட வயித்தக் கொன்னு போட்டீங்க."

"சரி, அதுக்கு என்ன மாத்து மருந்து?" அப்படீன்னாரு எங்கூட்டுக்காரரு, கொரல் கொஞ்சம் எறங்கியிருந்துச்சு.

"கடையில கெடைக்காது. நல்லா இருக்கற இன்னொரு மாடு அசை போடறப்ப, அது வாயில இருக்கற உருண்டையப் புடுங்கிட்டு வரணும். அதுல நல்ல கிருமி உசுரோட இருக்கும். வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு, வடிகட்டி, இந்த மாட்டுக்குச் சூடு ஆறாம ஊத்தணும். மடிக்கு நான் ஊசி போட்டுக்கறேன்."

"எச்சலுங்களா?" அப்படீன்னாரு இவரு.

"எச்சில்தான்" அப்படீன்னுச்சு டாக்டரம்மா.

எங்கூட்டுக்காரருக்கு எச்சல்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. நான் வாய் வெச்ச டம்ளர்ல தண்ணி குடிக்க மாட்டாரு. பேரன் கடிச்ச முறுக்கத் தட்டுல போட்டா, வட்டலையே மாத்தச் சொல்லுவாரு. முத்தியாலுவப் பாத்துட்டு நின்னேன்.

டாக்டரம்மா இன்னொரு கண்டிசன் போட்டுச்சு. உருண்டை எடுக்கற மாடு, சமீபத்துல இந்த மாதிரி பவுடரு எதுவும் திங்காத மாடா இருக்கணும். "அது என்ன, ஊர் முச்சூடும் மாடு இருக்குது" அப்படீன்னு எங்கூட்டுக்காரரு வண்டிய உருட்டிக்கிட்டு முன்னால நடந்தாரு. நானும் டாக்டரம்மாவும் பின்னால போனோம்.

மொதல்ல சொசைட்டி செகரட்டரி கிருபாசங்கர் ஊடு. "எங்க மாட்டுக்கு இருமல்னு நீங்கதானுங்க போன வாரம் பவுடரு குடுத்தீங்க" அப்படீன்னாரு. அடுத்தது ராமாமணி ஊடு. அவ மாட்டுக்கு நோவே இல்லீங்க. பால் சாஸ்தியா வரும்னு இவரு சொன்னாருன்னு தெனமும் தவுட்டுல ஒரு சிட்டிகை போட்டுட்டு இருக்கறா. "நல்லா வேலை செய்யுதுங்க டாக்டரே, சாணி மட்டும் கொஞ்சம் எளக்கமாப் போகுது" அப்படீன்னு இவரப் பாத்துச் சிரிக்கறா. அதுக்கப்பறம் எந்த ஊட்டுக்குப் போனாலும் இதே கதைதான். இந்தத் தெரு, அந்தத் தெரு, கோயில் தெரு, எங்க போனாலும் இவரு தர்மம் எங்களுக்கு முன்னால போய் உக்காந்திருக்குது. ஒவ்வொரு வாசல்லயும் சனங்க இவரக் கும்புட்டு நன்றி சொல்றாங்க, இவரு மொகம் வர வரச் சுருங்குது. எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு.

"சிட்டிகை சிட்டிகையாக் குடுத்திருக்கீங்க. அதனாலதான் இதுக எதுவும் சாகல" அப்படீன்னுச்சு டாக்டரம்மா. "ஆனா அந்தச் சிட்டிகை கெட்ட கிருமியையும் முழுசாக் கொல்லாது. மருந்தத் தாங்கிக்கப் பழக்கி விட்டுரும். நாளைக்கு நெசமா ஒரு நோவு வந்தா, நான் என்ன ஊசி போட்டாலும் கேக்காது. ஊரு பூரா இதத்தான் பண்ணி வெச்சிருக்கீங்க."

அப்பறம் நடு ரோட்டுல நின்னு யோசிச்சு, "மயிலாத்தா மாடு இருக்குது. போன மழையில இருமல்னு நான்தான் ஊசி போட்டேன். அதுக்கப்பறம் ஒரு மருந்தும் அதுக்குப் படல" அப்படீன்னுச்சு.

எங்கூட்டுக்காரரு நின்ன எடத்துலயே நின்னுட்டாரு.

மயிலாத்தா இருக்கறது மேக்காலத் தெரு. எங்க தோப்புல வருசக்கணக்கா தேங்கா பொறுக்குனவ, எங்க ஷெட்டுல கோழி எரு அள்ளுனவ. அவ பையன் கௌதமன் படிச்சு, கோயமுத்தூர்ல பம்பு கம்பெனியில இஞ்சினீயரா இருக்கறான். இப்ப அவ வேலைக்கு வரதில்ல. இவரு பக்கெட்டு போகாத தெருன்னு சொன்னேனே, அது இதுதான். ஏன் போகலீன்னா கேக்கறீங்க. சாதிதானுங்க, வேற என்ன. எருவ அள்ள அவ கை வேணும், அவ ஊட்டு வாசல்ல இவரு காலு படாது.

போன மழைக்கு அவ மாட்டுக்கு இருமல்னு எங்க கேட்டு வரைக்கும் வந்து பவுடரு கேட்டா. இவரு பக்கெட்டக் கையில வெச்சுக்கிட்டே "தீந்துபோச்சு" அப்படீன்னாரு. நான் அன்னைக்கே கேட்டேன், ஏன் இப்படின்னு. "அவங்க மாடெல்லாம் எதையும் தாங்கும்" அப்படீன்னாரு. இவரு வாய்ல இருந்து வந்ததுலயே உருப்படியா ஒரு வைத்தியம் அந்தத் தீந்துபோச்சுதான்.

"வேற ஊர்ல பாக்கலாமே" அப்படீன்னு இழுத்தாரு.

"நடங்க" அப்படீன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது.

மயிலாத்தா வாசல்ல வேப்ப மரத்தடியில அவ மாடு படுத்திருந்துச்சு. காங்கேயம் மாடு, செவலை. கண்ண அரைவாசி மூடிக்கிட்டு, மெதுவா, சொகமா அசை போட்டுட்டு இருந்துச்சு. அந்த வாயப் பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. டாக்டரம்மா விசயத்தச் சொல்லுச்சு. மயிலாத்தா எங்கூட்டுக்காரர ஒரு பார்வை பாத்தா, அப்பறம் என்னப் பாத்தா.

"கன்னு பால் குடிக்குதுங்களா அம்மணி?" அப்படீன்னா.

"இல்லீங்க" அப்படீன்னேன்.

"எடுத்துக்கலாமுங்க" அப்படீன்னு சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டுச் செவலைகிட்டப் போனா.

ஆனா செவலை அசை போடறத நிறுத்திருச்சு. எங்கூட்டுக்காரரு கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம், ரோட்டுலயே நின்னுட்டு எட்டி எட்டிப் பாக்கறாரு. அது தலையத் தூக்கி அவரையே மொறைக்குது. அவரு பத்தடி தள்ளி நின்னாரு, அப்பவும் மொறைக்குது. லைட்டுக் கம்பத்துக்குப் பின்னால மறைஞ்சாரு. இவரு தொப்பை கம்பத்துக்கு ரெண்டு பக்கமும் தெரியுது, மாடு அந்தத் தொப்பையப் பாக்குது.

"சார், புது ஆளக் கண்டா மாடு அசை போடாது. கண்ணுல படாம உள்ள போய் உக்காருங்க" அப்படீன்னுச்சு டாக்டரம்மா.

"நான் ஊட்டுக்குப் போறனுங்க."

"நீங்க போனா உருண்டைய யாரு கொண்டு போறது? சூடு ஆறறதுக்குள்ள போகணும். வண்டிச் சாவி உங்க பைல இருக்குது."

மயிலாத்தா கதவத் தொறந்து விட்டா. "உள்ள வாங்க. வெயில்ல ஏன் நிக்கறீங்க."

எங்கூட்டுக்காரரு என்னப் பாத்தாரு. நான் வேப்ப மரத்தப் பாத்தேன். செருப்பக் கழட்டிட்டு, உள்ள போனாருங்க. டைல்ஸ் போட்ட ஊடு, சோபா, ஏசி. எங்கூட்ல இன்னும் பழைய மில்லு சேருதான். சோபா நுனியில, பஸ்ஸுல ஜன்னல் சீட்டுக்காரன் எடங்குடுக்காத மாதிரி ஒட்டி உக்காந்தாரு. நானும் உள்ள போய் நல்லாச் சாஞ்சு உக்காந்தேன், கால் வலி.

மயிலாத்தா காப்பி கொண்டாந்தா.

"எனக்குச் சக்கரை" அப்படீன்னாரு.

"தெரியுமுங்க. போடலீங்க."

"இல்ல, இன்னைக்கு வெரதம்."

"சனிக்கெழமைதானுங்களே வெரதம். இன்னைக்குப் புதனுங்க. உங்க தோப்புல இத்தன வருசம் வேலை செஞ்சிருக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா."

சன்னல் வழியாப் பாத்தா, செவலை இன்னும் வாய அசைக்கல. இவரு டம்ளரக் கையில வெச்சுக்கிட்டு உள்ளயும் வெளியவும் பாக்கறாரு. மயிலாத்தா கதவோரமா நின்னா, கொரல ஒசத்தல. "போன மழைக்கு உங்க கேட்டுகிட்ட வந்து நின்னேன். தீந்துபோச்சுன்னீங்க. பக்கெட்டு உங்க கையிலதான் இருந்துச்சு, நெறைய இருந்துச்சு. அன்னைக்கு எனக்கு நெம்ப வருத்தமாப் போச்சுங்க."

எங்கூட்டுக்காரருக்கு வேற எங்கயும் பாக்க எடமில்ல. காப்பிய வாயில வெச்சாரு. வெச்சவரு நிறுத்தல, முழுசாக் குடிச்சுட்டாரு. குடிச்சா பதில் சொல்ல வேண்டியதில்ல பாருங்க. எம்பத்தஞ்சு வயசு வாழ்ந்த இவங்கப்பா இத மட்டும் பாத்திருந்தா அன்னைக்கே போய்ச் சேந்திருப்பாரு.

சித்த நேரத்துல வெளிய டாக்டரம்மா கைய ஆட்டுச்சு. செவலை கண்ண மூடிக்கிட்டு அசை போட ஆரம்பிச்சிருந்துச்சு. மயிலாத்தா பூன மாதிரி போய், கழுத்தத் தடவிக் குடுத்துக்கிட்டே, வாயோரமாக் கைய விட்டுப் பச்சை உருண்டைய எடுத்துப்போட்டா. அதுக்கு வலிக்கவுமில்ல. சூடு ஆறாம ஒரு போசியில போட்டு மூடி, அவ கையாலயே எங்கூட்டுக்காரரு கையில குடுத்தா. ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு.

அன்னைக்குப் பொழுதோட முத்தியாலுவுக்கு ஊத்துனோம். "இது ஒரு தடவையோட ஆகாது, அசை போடற வரைக்கும் தெனமும் ஊத்தணும்" அப்படீன்னுச்சு டாக்டரம்மா. நீ போய் வாங்கிட்டு வான்னு எங்கூட்டுக்காரரு எங்கிட்டச் சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். மருந்து குடுத்தது நீங்க, மாத்து மருந்தையும் நீங்களே போய் வாங்குங்கன்னேன். தெனமும் காலைல போசியத் தூக்கிக்கிட்டு மேக்காலத் தெருவுக்குப் போனாரு. தெனமும் உள்ள போய் உக்காரணும், தெனமும் காப்பி. வழியில யாராச்சும் எங்க போறீங்கன்னு கேட்டா, "மயிலாத்தா மாட்டுக்கு ஒடம்பு சரியில்ல, வைத்தியம் பாக்கப் போறேன்" அப்படீன்னு சொல்லியிருக்காரு. ராமாமணி எங்கிட்ட வந்து, "உங்கூட்டுக்காரருக்கு எத்தன பெரிய மனசு, அந்தத் தெருவுக்கே போறாரு" அப்படீங்கறா. எனக்கு வந்த ஆத்தரத்துக்கு அளவில்ல. முத்தியாலு எந்திரிக்கட்டும்னு பல்லக் கடிச்சுட்டு இருந்தேன்.

அவ எந்திரிச்சாளுங்க. ஒரு நாள் வெடியால நான் சாணி அள்ளப் போனப்ப, கழுத்துல இருந்து ஒரு உருண்டை மேல ஏறுச்சு, வாய் மெதுவா ஒரு பக்கமாப் போச்சு, மறு பக்கமா வந்துச்சு. நான் சாணிக் கூடைய அப்படியே போட்டுட்டுக் கட்டுத்தரையில உக்காந்து அழுதுபோட்டேன். பெத்த புள்ளைக்குக் கூட நான் அப்படி அழுததில்ல. ஆனா அந்தக் காம்பு போச்சு. டாக்டரம்மா மாத்தி மாத்தி ஊசி போட்டுப் பாத்துச்சு, கேக்கல. மூணு காம்புதான் இனி அவளுக்கு. எம் மாடு, எம் பொழப்பு, அதுல கால்வாசிய இவரு கணக்கு தின்னுருச்சு.

டாக்டரம்மா சரின்னு சொன்ன பொறவு, மொதத் தடவையாச் சொசைட்டிக்குப் பால் கொண்டு போனோம். நான் கேனத் தூக்கிட்டு முன்னால போறேன், இவரு பின்னால வாராரு. கையில அந்த நீல பக்கெட்டு. எதுக்குன்னு கேட்டேன். "சும்மா" அப்படீன்னாரு.

வரிசையில பாதி ஊரு நின்னுச்சு. மயிலாத்தாளும் அவ கேனோட நின்னா. "முத்தியாலு எந்திரிச்சுருச்சுங்களா டாக்டரே?" அப்படீன்னு கிருபாசங்கர் கேட்டாரு. "பவுடரு கொஞ்சம் லேட்டாத்தான் புடிச்சுது. ஆனா புடிச்சா விடாதில்ல" அப்படீன்னாருங்க எங்கூட்டுக்காரரு. கூசாமச் சொன்னாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, பக்கெட்டுல கைய விட்டு ரெண்டு பாக்கெட்ட எடுத்து, எல்லாரும் பாக்கற மாதிரி மயிலாத்தாகிட்ட நீட்டுனாரு.

"இந்தா மயிலாத்தா. போன மழைக்கு இல்லைன்னுட்டேன். மனசுல வெச்சுக்காத. இனிமே உனக்கும் உண்டு. உஞ் செவலைக்குத் தெனமும் தவுட்டுல ஒரு சிட்டிகை போடு."

ராமாமணி கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு இவரையே பாக்கறா. மயிலாத்தா அந்தப் பாக்கெட்டப் பாத்தா. கேனக் கீழ எறக்கி வெச்சா.

"வேண்டாமுங்க" அப்படீன்னா. "போன மழைக்கு இல்லைன்னு சொன்னீங்க பாருங்க, அந்த ஒத்தாசைலதான் எஞ் செவலை வயிறு பொழச்சுது. அது வாயில இருந்து எடுத்த எச்சலத்தான் தெனமும் போசியில கொண்டு போய் உங்க மாட்டுக்கு ஊத்துனீங்க. அந்த ஒத்தாசைய இன்னும் நாலு ஊட்டுக்குச் செய்யுங்க. யாரு வந்து கேட்டாலும் தீந்துபோச்சுன்னு சொல்லிருங்க."

ராமாமணி கன்னத்துல வெச்ச கைய எடுத்துட்டா. எங்கூட்டுக்காரரு நீட்டுன கைய மடக்கவும் தெரியாம நின்னாரு. நான் அந்தப் பாக்கெட்டுகள வாங்கிப் பக்கெட்டுல போட்டு, பக்கெட்டையும் அவரு கையில இருந்து புடுங்கிக்கிட்டேன், கம்பெனிக்காரன் வந்தா அவன் கையிலயே குடுத்துரலாம்னு.

கிருபாசங்கர் தொண்டையக் கனைச்சுட்டு, மொதல்ல மயிலாத்தா பாலை அளந்து பெரிய கேன்ல ஊத்துனாரு, அப்பறம் என்னோடத அளந்து அதே கேன்ல ஊத்துனாரு.